கயா லால் எப்படி ‘ராம்’ ஆனார்?

கேள்வி: தேர்தல் நெருங்கினால் போதும், ‘ஆயா ராம் கயா ராம்’ என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். யார் சார் இந்த இரண்டு ராம்கள்? அண்ணன் தம்பியா?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

கட்சி விட்டுக் கட்சி தாவுகிறவர்களைக் கேலி செய்கிற தொடர் அது. ஆனால் இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான். அவர் பெயரும் ராம் இல்லை, லால். கயா லால்.

முதன்முதலில் இந்தத் தொடரைப் படித்தபோது, பள்ளிக்கூட ஆயாவுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தவன் நான். இந்தியில் ‘ஆயா’ என்றால் வந்தார், ‘கயா’ என்றால் போனார். நாம் பித்ருக்களுக்குப் பிண்டம் போடப் போகிற கயை இருக்கிறதே, அந்த ஊரின் பெயரும் ‘போனார்’ என்ற சொல்லும் இந்தியில் ஒரே எழுத்து, ஒரே ஒலி. பெற்றோர் ஊர்ப் பெயரை நினைத்துத்தான் கயா என்று வைத்திருப்பார்கள். கடைசியில் அந்தப் பெயரே அவருக்கு வினையாகிப்போனது, இலக்கணப்படியும் சரி, வாழ்க்கையிலும் சரி.

நடந்தது அரியானாவில். பஞ்சாபிலிருந்து பிரிந்து 1966 நவம்பர் 1 அன்றுதான் அந்த மாநிலமே பிறந்தது. மறுவருடம் பிப்ரவரியில் முதல் தேர்தல். மொத்தம் 81 இடங்களில் காங்கிரசுக்கு 48. நல்ல பெரும்பான்மைதான். பகவத் தயாள் சர்மா முதலமைச்சரானார். ஒரு வாரம் போயிருக்கும், சபாநாயகர் தேர்தலில் ஆளுங்கட்சி நிறுத்திய ஆளே தோற்றுப்போனார். ஜெயித்தவர் ராவ் பீரேந்தர் சிங், அவரும் காங்கிரஸ்காரர்தான். சொந்தக் கட்சிக்காரர்களே உள்ளுக்குள் அறுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரத்தில், மார்ச் 24 அன்று, அதே ராவ் பீரேந்தர் சிங் எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் வருகிறார் நம் கயா லால். ஹசன்பூர் தனித் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவர். வென்றதும் காங்கிரசில் சேர்ந்தார். அங்கிருந்து எதிரணியான ஐக்கிய முன்னணிக்குப் போனார். மறுபடி காங்கிரசுக்கு வந்தார். வந்த ஒன்பது மணி நேரத்தில் மறுபடி ஐக்கிய முன்னணி. முதலில் காங்கிரசில் சேர்ந்ததை விட்டுவிட்டாலும், பதினைந்து நாளில் மூன்று மாற்றம். ராவ் பீரேந்தர் சிங் அவரைக் கையோடு சண்டிகருக்கு அழைத்துப் போய், பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தி, போன கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார் என்று அறிவித்தார். லாலை ராம் ஆக்கியது அவருடைய நாக்குதான். ‘ஆயா லால்’ என்றால் அவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். அந்த ஆட்சியும் ஆண்டு முடியுமுன் போய், நவம்பரில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

கயா லால் ஒருவரைச் சொல்லி என்ன பயன்? கட்சித் தாவலை ஆராய மத்திய அரசு, உள்துறை அமைச்சர் ஒய்.பி.சவான் தலைமையில் ஒரு குழு போட்டது. அது எடுத்த கணக்கைப் பாருங்கள். முதல் பொதுத் தேர்தலிலிருந்து நான்காவது பொதுத் தேர்தல் வரை, அதாவது 1967 வரை, நாடு முழுக்க நடந்த தாவல்கள் 542. 1967 மார்ச் முதல் 1968 பிப்ரவரி வரை ஒரே வருடத்தில் 438. சில மாநிலங்களில் தாவிய 210 எம்.எல்.ஏ.க்களை எடுத்துப் பார்த்தால் அதில் 116 பேர், தாங்கள் தாவி உண்டாக்கிய அரசுகளிலேயே மந்திரி. இரண்டு பேர் தாவினால் ஒருவருக்கு மேல் சைரன் கார்!

இந்தக் கணக்கைப் படித்த பிறகு கயா லால் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அதே அரியானாவில் 1980 சனவரியில், டெல்லியில் இந்திரா காந்தி ஜெயித்து வந்தவுடன், முதலமைச்சர் பஜன் லால் தன் ஜனதா ஆட்சியையே எம்.எல்.ஏ.க்களோடு சேர்த்துக் காங்கிரசுக்குக் கொண்டுபோனார். ஒருவர் வீடு மாறுவது ஒரு ரகம், வீட்டையே தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது இன்னொரு ரகம். ஆனால் ஊர் வாயில் நின்றது என்னவோ தனியாளாகப் போய்வந்தவர் பெயர்தான். அந்தக் குடும்பம் ஒன்றும் ஒடுங்கிப் போய்விடவில்லை. கயா லாலின் மகன் உதய் பான் 2022ல் அரியானா காங்கிரசின் தலைவராகவே ஆனார்.

கேள்வி: ‘அந்தர் பல்டி’ என்கிறோமே, பல்டி தமிழா? என் பேத்தி கேட்டாள், முழித்தேன்.
- ஸ்ரீவைகுண்டம் வாசகி

முழிக்கவே வேண்டாம் அம்மா. பல்டி இந்தி வழியாக வந்த சொல். ‘பலட்னா’ என்றால் புரள்வது, திரும்புவது. ‘பல்ட்டி’ என்றால் புரட்டு, தலைகீழ்த் திருப்பம். அந்தர், நம் ‘அந்தரத்தில் தொங்குகிறான்’ என்பதில் வரும் அந்தரம். நடுவானில் அடிக்கிற கரணம். நம் சொந்தச் சரக்கு ‘குட்டிக்கரணம்’ கைவசம் இருந்தாலும், அரசியலுக்குப் பல்டியில் இருக்கிற ‘பட்’டென்ற சத்தம் அதில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பீகாரில் நிதீஷ் குமாருக்கு ‘பல்ட்டு ராம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 2017ல் அவர் கூட்டணியை விட்டு பா.ஜ.க. பக்கம் திரும்பியபோது லாலு பிரசாத் வைத்தது. அந்தப் ‘பல்ட்டு’வும் உங்கள் பேத்தி கேட்ட பல்டியும் ஒரே வேர். நிதீஷும் பெயருக்குக் குறை வைக்கவில்லை. 2022ல் மறுபடி லாலு பக்கம், 2024 சனவரியில் மறுபடி பா.ஜ.க. பக்கம். இந்திக்காரர்களுக்குத் தாவுகிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு ‘ராம்’ வேண்டும் போலிருக்கிறது.

சின்ன வயதில் எங்கள் ஊர் வயல் கிணற்றில் பல்டி அடிப்பதில் ஒரு கணக்கு இருந்தது. கமலைக் கல்லின் மேல் ஏறி நின்று, கால் விரலால் விளிம்பைப் பிடித்து, நெஞ்சில் முட்டி படுகிற மாதிரி உடம்பைச் சுருட்டிப் போடவேண்டும். ஒழுங்காக முழுச் சுற்று வந்தால் கால்தான் முதலில் தண்ணீரில் இறங்கும், முகம் முன்பு பார்த்த திசையையே பார்த்திருக்கும். சுற்று முடியாமல் நின்றால் முதுகு ‘பளார்’. சாயங்காலம் வரை எரியும். முழுப் பல்டி அடித்தவன் புறப்பட்ட திசைக்கே வந்துவிடுகிறான் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் கவனிப்பதில்லை. அவர்கள் திட்டுவதெல்லாம் அரைப் பல்டிக்காரர்களை.

கேள்வி: ‘கட்சித் தாவல்’ என்ற சொல் குரங்கை நினைவுபடுத்துகிறது. கொஞ்சம் கௌரவமான சொல் கிடைக்கவில்லையா உங்கள் பத்திரிகை உலகத்துக்கு?
- நாகர்கோவில் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

கௌரவமான சொல்லை ஒருவன் போட்டுப் பார்த்தான் ஐயா. அவன் அடிபட்டான். அவன் நான்தான்.

1985 சனவரிக் கடைசி. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரவுப் பணி. 30ஆம் தேதி மக்களவை, 31ஆம் தேதி மாநிலங்களவை என்று அரசியல் சட்டத்தின் 52வது திருத்தம் மின்னல் வேகத்தில் நிறைவேறியது. டெலிபிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளுகிறது, தாள் தரையில் சுருண்டு கிடக்கிறது. நான் கிழித்துக் கிழித்து மொழிபெயர்க்கிறேன். ‘கட்சி மாறுதல் தடை மசோதா நிறைவேறியது’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைமை உதவி ஆசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“மாறுதலா? வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த மாதிரி இருக்கேய்யா. தாவல்னு போடு. படிக்கிறவனுக்குக் கண்ணு முன்னாடி தெரியணும்.”

சிவப்பு மையில் ஒரே கோடு. மாறுதல் போயிற்று, தாவல் வந்தது. எங்களுக்கு முன்பே மற்றவர்கள் எழுதிய சொல்தான் அது, அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன காரணத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதே ராத்திரி இன்னொரு கூத்தும் நடந்தது. செய்தியோடு ஒரு பின்னணிக் கட்டுரையும் வந்திருந்தது. சர்ச்சில் 1904ல் ‘கிராஸ்டு தி ஃப்ளோர்’ என்று இருந்தது. நானும் பவ்வியமாக, ‘1904ல் சர்ச்சில் தரையைக் கடந்தார்’ என்று எழுதிவிட்டேன். பெரியவர் உரக்கப் படித்தார். பேஜ் மேக்கப் ஆட்கள் வரை கேட்டது. “தரையைக் கடக்காம மனுஷன் எப்படிய்யா வீட்டுக்குப் போவான்?” அப்புறம் ஒரு மாதம் நான் டீ குடிக்கப் போனாலும் “தம்பி தரையைக் கடக்குது” என்றுதான் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். பிரிட்டன் மக்களவையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்காருவார்கள், நடுவில் வெற்றுத் தளம். கட்சி மாறுகிறவர் எல்லோரும் பார்க்க அந்த இடைவெளியை நடந்து கடந்து எதிர்வரிசையில் போய் உட்காரவேண்டும். கன்சர்வேடிவ் உறுப்பினரான சர்ச்சில் 1904 மே 31 அன்று உள்ளே வந்தார், சபாநாயகருக்குத் தலைவணங்கினார், நேராக எதிர்ப்பக்கம் போய் லாயிட் ஜார்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முதல் லிபரல். இருபது வருடம் கழித்து மறுபடி பழைய இடத்துக்கே திரும்பினார். அவர்கள் ஊரில் அது நடை, நம் ஊரில் தாவல். நடப்பவரை எல்லோரும் பார்க்க முடியும். இங்கே ராத்திரியோடு ராத்திரியாக நடந்து முடிந்து, காலையில் சால்வைப் படம் வருகிறது. அதற்குத் தாவல்தான் பொருத்தம்.

ஆங்கிலத்தில் ‘டர்ன்கோட்’ என்றும் ஒரு சொல் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இருப்பது. தன் அணியின் அடையாளம் தெரியாதபடி மேலங்கியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவன் என்று பொருள். தமிழில் அப்படியே எழுதினால் ‘கோட்டைத் திருப்பியவன்’. நம்மூர் வாசகர் ஜார்ஜ் கோட்டையைத்தான் நினைப்பார். யோசித்தால் அதுவும் தப்பில்லை!

கேள்வி: சட்டம் போட்டும் ஏன் தாவல் நிற்கவில்லை?
- திருப்பத்தூர் வாசகர்

சட்டம் கதவைப் பூட்டியபோதே ஜன்னலைத் திறந்து வைத்தது. ஒருவர் தாவினால் பதவி போகும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் சேர்ந்து போனால் அது ‘பிளவு’, பதவி போகாது என்று 1985ல் இருந்தது. சில்லறைக்குத் தடை, மொத்த வியாபாரத்துக்கு அனுமதி. 2003ல் 91வது திருத்தம் வந்து அந்தப் பிளவுச் சலுகையை எடுத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘இணைப்பு’க்குச் சம்மதித்தால் தப்பலாம். மொத்த வியாபாரத்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் சபாநாயகர். 2017 செப்டம்பர் 18 அன்று தமிழகச் சபாநாயகர் தனபால் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தது நினைவிருக்கும். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லி முடிக்க 2018 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஒரு வருடத்துக்கு மேல் 18 தொகுதி மக்களுக்கு எம்.எல்.ஏ. கிடையாது. அந்த மக்கள் யார் பக்கமும் தாவவில்லை.

கேள்வி: தாவல் இருக்கட்டும், ‘கட்சி’ என்ற சொல்லே தமிழா வடமொழியா? எங்கள் ஊர் டீக்கடையில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
- பண்ருட்டி வாசகர்

பந்தயத் தொகையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்சி இருக்கிறது.

நீங்கள் கொடி பிடிக்கிற கட்சி, ‘கக்ஷி’யிலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகளில் அப்படியேதான் அச்சிட்டிருப்பார்கள். வழக்கின் ஒரு தரப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் வழக்காடுகிறவரைக் குறிக்க இந்தக் ‘கக்ஷி’ இன்னும் இருக்கிறது. நம் வக்கீல்களும் ‘என் கட்சிக்காரர்’ என்கிறார்களே, அது எந்தக் கொடியும் இல்லாத கட்சிக்காரர்.

இன்னொரு ‘கட்சி’ சங்கத் தமிழில் இருக்கிறது. புறநானூறு 202ஆம் பாட்டு. ‘வெட்சிக் கானத்து வேட்டுவர் ஆட்டக் கட்சி காணாக் கடமா நல்லேறு’ என்று தொடங்கும். வெட்சிப் பூக்காட்டில் வேடர்கள் துரத்துகிறார்கள். ஒரு காட்டுமாட்டின் ஆண், ஒதுங்க இடம் கிடைக்காமல் ஓடுகிறது. ஓடுகிற ஓட்டத்தில் மலைச்சரிவில் மணிகள் கிளம்புகின்றன, பொன் சிதறி மின்னுகிறது. இங்கே கட்சி என்றால் புகலிடம்.

பாடியவர் கபிலர். இடம்தான் முக்கியம். பறம்பு மலை போயிற்று, நண்பன் பாரி போனான். அவனுடைய இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி, இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார் அந்தக் கிழவர். இருங்கோவேள் மறுத்துவிடுகிறான். அந்தக் கோபத்தில் பாடிய பாட்டு இது. பெரிய புலவர், எந்த அரசன் அவையிலும் போய் உட்கார்ந்திருக்கலாம். செத்துப்போனவன் பக்கத்திலேயே நின்றார். ‘கட்சி காணாக் கடமா’ என்று அவர் வாயில் வந்தது வெறும் மாட்டை மட்டும் நினைத்தா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், இது என் சொந்த வாசிப்பு.

கேள்வி: துரோகி என்றால் ‘எட்டப்பன்’ என்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் வெளியூரில் ஊர் பெயர் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். இது நியாயமா?
- கோவில்பட்டி வாசகி

நியாயமில்லை. ஒருவர் அணி மாறினார் என்று சொல்லவேண்டுமானால் முதலில் அவர் அந்த அணியில் இருந்திருக்கவேண்டும். எட்டயபுரம் பாளையத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்துக்கும் எல்லைத் தகராறு பழைய கதை. எட்டயபுரத்தார் 1799ல் கும்பினிப் பக்கம் நின்றார்கள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கட்டபொம்மனோடு இருந்துவிட்டு அவரைக் கைவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில், தூக்கிலிடப்பட்டது அக்டோபர் 16 அன்று கயத்தாறில். எதிரிக்கும் துரோகிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் மேடைகள் அழித்துவிட்டன.

சொந்தப் பெயர் வசைச்சொல்லாக நியாயமாகவே ஆன ஆளும் உண்டு. நார்வேக்காரர் குவிஸ்லிங். 1940 ஏப்ரல் 9 அன்று ஹிட்லரின் படை நாட்டுக்குள் நுழைந்த அன்றே வானொலியில் தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டவர். அதே மாதம் லண்டன் பத்திரிகைகளில் அவர் பெயர் காட்டிக்கொடுப்பவர்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. 1945ல் சுட்டுக் கொன்றார்கள்.

எட்டயபுரத்துக்காரர்கள் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது கிண்டல் செய்தால் “பாரதியார் எந்த ஊர்?” என்று திருப்பிக் கேட்கட்டும்.

கேள்வி: ‘குதிரை பேரம்’ என்கிறார்களே. நம்மூரில் ஏது குதிரை வியாபாரம்?
- மணப்பாறை வாசகர்

மணப்பாறைக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான்! அது ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்தது. குதிரை தரகர்கள் சாமர்த்தியத்துக்கும் பொய்க்கும் பேர்போனவர்கள் அங்கே. தமிழனாக யோசித்திருந்தால் ‘துண்டுப் பேரம்’ என்று வைத்திருக்கலாம். என் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர் தோள் துண்டை எடுத்து அப்பா கைமேல் போர்த்துவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்துவார். வாய் மட்டும் மழை, சோளத்தட்டை, மாட்டின் சுழி என்று எதையோ பேசிக்கொண்டிருக்கும். விலை என்ன என்று பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியாது. அப்பா தலையை ஆட்டினால் கயிறு கை மாறும். மாட்டைத்தான் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: ‘கட்சித் தாவல்’, ‘கட்சி தாவல்’ - எது சரி? உங்கள் இதழிலேயே இரண்டும் வருகிறது.
- தஞ்சாவூர் வாசகி

மாட்டிக்கொண்டோம். ‘கட்சித் தாவல்’ என்று பெயராக எழுதும்போது ‘த்’ போடவேண்டும். ‘அவர் கட்சி தாவினார்’ என்று வினையாக வந்தால் வேண்டாம். ‘தமிழ்ப் புத்தகம்’, ஆனால் ‘தமிழ் கற்றார்’, அதே மாதிரிதான். பிழை திருத்துகிற தம்பியிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான்.

‘டெபாசிட் காலி’ பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில்.